ஏ ஷார்ப் என்றே அடம்பிடிக்கும் கீபோர்டு: நீண்ட காலம் பயன்படுத்திய பின் சில சொற்கள்

எங்கள் வீட்டுக் கீபோர்டு சென்ற வாரம்தான் பழுது நீங்கித் திரும்பி வந்தது. நடு ஆக்டேவில் சில கட்டைகள் மெல்லத் தொட்டாலே அலறின. வேறு சில எவ்வளவு அழுத்தினாலும் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் உள்ள ரப்பர் பட்டையில் இரண்டு தொடுமுனைகள் இருக்கின்றன. ஒன்று பட்டதற்கும் மற்றொன்று பட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்துதான் கருவி ஒலியின் அளவைத் தீர்மானிக்கிறது. அங்கே தூசி படிந்தால் இந்தக் கோளாறு வரும். சுத்தம் செய்ததும் சரியாகிவிட்டது, செலவும் அதிகமில்லை. அதே வாரத்தில் இந்த மாடலின் விலை குறைந்திருப்பதைக் கண்ட நண்பர் ஒருவர், "பொண்ணு நொட்டேஷன் படிக்கக் கத்துக்கணும்னு ஆசைப்படுறா, இதை வாங்கலாமா?" என்று கேட்டார். (நொட்டேஷன் என்பது ஐந்து கோடுகளின் மேல் புள்ளிகளாக எழுதப்படும் இசை.) ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு முடியவில்லை.

முதலில் நியாயமானதைச் சொல்லிவிடுகிறேன். 61 கட்டைகளும் இத்தனை காலம் தளராமல் இருக்கின்றன. ஹெட்போன் மாட்டினால் நள்ளிரவிலும் பயிற்சி செய்யலாம். இடக்கையால் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்) பிடித்தால் கருவியே தாளமும் பேஸும் சேர்த்து வாசிக்கும் வசதி, தொடக்கத்தில் சலிப்பு வராமல் காத்தது. கார்ட்டை அடையாளம் காணும் திறமை உண்மையிலேயே வியப்பளிக்கிறது. ஏ, சி, இ, ஜி என்ற நான்கு சுரங்களை ஏ கீழே இருக்குமாறு பிடித்தால் ஏ மைனர் செவன்த் என்றும், அதே நான்கையும் சி கீழே வருமாறு பிடித்தால் சி சிக்ஸ்த் என்றும் பிரித்துச் சொல்கிறது. அழுத்திய கட்டைகள் ஒன்றே ஆனாலும் அவை இருக்கும் முறைக்கேற்பப் பெயர் மாறும் என்பதை இந்தக் கருவி அறிந்திருக்கிறது. என் கோபம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

திரையில் ஐந்து கோடுகள் தெரியும். எந்தக் கட்டையை அழுத்தினாலும் அதன் புள்ளி உரிய இடத்தில் தோன்றும். கற்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று எண்ணியே வாங்கினேன். சி மேஜர், ஜி மேஜர் ஸ்கேல்கள் (ஏழு சுர வரிசைகள்) வரை குறையே இல்லை. ஆனால் யாரானாலும் அடுத்துத் தொடும் எஃப் மேஜருக்கு வந்ததும் திரை தடுமாறுகிறது. ஏக்கும் பிக்கும் நடுவில் உள்ள கறுப்புக் கட்டைக்கு இரண்டு பெயர்கள்: ஏயிலிருந்து அரைச்சுரம், அதாவது ஒரு கட்டை, ஏறினால் ஏ ஷார்ப்; பியிலிருந்து அரைச்சுரம் இறங்கினால் பி ஃபிளாட். எஃப், ஜி, ஏ என்று ஏறி, நான்காவதாக வர வேண்டிய பி ஃபிளாட்டுக்கு உரிய கறுப்புக் கட்டையை அழுத்தினால், ட்ரெபிள் கிளெஃபின் (மேல் சுரங்களை எழுதும் ஐந்து கோடுகளின்) நடுக்கோட்டில் அமர வேண்டிய புள்ளி அதற்குக் கீழே உள்ள இடைவெளியில், ஏ இருந்த அதே இடத்தில், ஒரு ஷார்ப் குறியுடன் வந்து நிற்கிறது. நடுக்கோடு காலியாகவே கிடக்கிறது. இந்தக் கருவிக்கு ஃபிளாட் என்ற குறியே கோடுகளின் மேல் வரையத் தெரியாது.

ஒலி ஒன்றுதானே, பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நம் சங்கீதத்திலேயே பதில் இருக்கிறது. நான்கு கட்டைச் சுருதியில், அதாவது எஃப்பை ஸட்ஜமாக வைத்து, மேஜர் ஸ்கேலுக்கு இணையான சங்கராபரண ராகம் பாடினால், பி ஃபிளாட்தான் சுத்த மத்தியமம். அதை ஏ ஷார்ப் என்று எழுதுவது ஸ, ரி, க, இன்னொரு க, ப என்று பாடுவதற்குச் சமம். மத்தியமமே இல்லாத சங்கராபரணத்தை எந்த வாத்தியார் ஒப்புக்கொள்வார்? பன்னிரண்டு சுரத்தானங்களுக்குப் பதினாறு பெயர்கள் வைத்திருப்பது இதற்காகத்தான். சங்கராபரணத்தில் சதுச்ருதி ரிஷபமாக நிற்கும் அதே இடம் கனகாங்கி ராகத்தில் சுத்த காந்தாரம் ஆகிறது, ஏனெனில் மேளம் எனப்படும் தாய் ராகத்தில் ஏழு பெயர்களும் ஒவ்வொரு முறை வந்தாக வேண்டும். மேலைநாட்டு மேஜர் ஸ்கேலிலும் ஏழு எழுத்துகளுக்கும் அதே விதி. (சுருதி சொல்லும்போது அந்தக் கட்டையை ஆறரைக் கட்டை என்று ஏயை ஒட்டியே குறிப்பிடுவது நம் பழக்கம் என்பதால், நம் ஊர்க் காதுக்கு ஏ ஷார்ப் இயல்பாகவே படும். ஸ்கேலுக்குள் வந்தபின் அந்தப் பழக்கம் உதவாது.)

ஸ்கேலோடு நின்றிருந்தால் பொறுத்திருப்பேன். கார்ட்களைக் கண்ணால் படிப்பதில் ஓர் எளிய அழகு உண்டு: மூன்று புள்ளிகளும் அடுத்தடுத்த கோடுகளிலோ, அடுத்தடுத்த இடைவெளிகளிலோ அடுக்காக நின்றால் அது ட்ரையட் எனும் மூன்று சுரக் கார்ட், ஒவ்வொன்றின் பெயரையும் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியதில்லை, உருவத்தைப் பார்த்ததுமே விரல்கள் அமைந்துவிடும். நொட்டேஷன் படிப்பதில் எனக்கு எதிர்பாராமல் கிடைத்த பெரிய மகிழ்ச்சி இதுதான். நடு சியிலிருந்து எழும்பும் சி செவன்த் என்ற நான்கு சுரக் கார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே தனிச் சிறு கோட்டில் சி, முதல் கோட்டில் இ, இரண்டாவதில் ஜி, மூன்றாவதில் பி ஃபிளாட்; நான்கும் கோடுகளின் மேலேயே படிப்படியாக ஏறி நிற்கும். என் கருவியின் திரையிலோ நான்காவது புள்ளி கீழே இறங்கி, ஜியின் தோளில், பேருந்துப் படிக்கட்டில் தொற்றிக்கொண்ட பயணியைப் போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. பார்த்ததும் செவன்த் என்று சொல்ல வைக்கும் உருவம் அங்கே இல்லை.

இதைவிடப் பெரிய இழப்பு அடுத்த கார்ட்டில் நேர்கிறது. சி செவன்த்திலிருந்து எஃப்புக்குப் போகும்போது காதுக்குக் கிடைக்கும் நிறைவுக்குக் காரணம், பி ஃபிளாட் அரைச்சுரம் இறங்கி ஏயில் அமர்வதும் இ அரைச்சுரம் ஏறி எஃப்பில் அமர்வதும். அச்சிட்ட தாளில் ஒரு புள்ளி நடுக்கோட்டிலிருந்து கீழ் இடைவெளிக்கு இறங்குவது கண்ணுக்கே தெரியும். திரையில் ஏ ஷார்ப் ஏயாக மாறுகிறது, அவ்வளவுதான். புள்ளி இருந்த இடத்திலேயே இருக்கிறது, குறி மட்டும் மறைகிறது.

உச்சகட்ட வேடிக்கை, பி ஃபிளாட் மேஜர் கார்ட்டைப் பிடிக்கும்போது நடக்கிறது. திரையின் மேல் மூலையில் பி ஃபிளாட் என்று கார்ட்டின் பெயர் சரியாகவே வருகிறது. அதற்குக் கீழே உள்ள கோடுகளில் ஏ ஷார்ப், டி, எஃப் என்று புள்ளிகள். ஒரே சாதனத்தின் ஒரே திரை தன்னையே மறுத்துப் பேசுகிறது.

கருவியின் தரப்பையும் சொல்ல வேண்டும். இத்தகைய கீபோர்டுகள் கணினியோடும் பிற கருவிகளோடும் பேசும் மிடி என்ற மொழியில் சுரங்களுக்கு எண் மட்டுமே உண்டு. நடு சி 60, ட்ரெபிள் கிளெஃபின் இரண்டாவது இடைவெளியில் நிற்கும் ஏ 69, அதற்கடுத்த கறுப்புக் கட்டை 70. அந்த 70 ஏ ஷார்ப்பா பி ஃபிளாட்டா என்பது எண்ணில் இல்லை. ஆகவே நான் தன்னிச்சையாக வாசிக்கும்போது கருவி ஊகிக்கத்தான் வேண்டும் என்பதை ஏற்கிறேன். உள்ளேயே பதிந்து தந்த பயிற்சிப் பாடல்களுக்கு அந்தச் சாக்கு செல்லாது. பெட்டியோடு வந்த புத்தகத்தில் எஃப் மேஜர் பாடலின் ஒவ்வொரு வரித் தொடக்கத்திலும் நடுக்கோட்டில் ஃபிளாட் குறி முறையாக அச்சிடப்பட்டிருக்கிறது; அதே பாடலைக் கருவியில் ஓடவிட்டால் திரை ஏ ஷார்ப் என்கிறது. ஸ்கேலைத் தேர்ந்தெடுக்கும் ஒரு வசதியை மெனுவில் சேர்த்திருந்தால் இவ்வளவு எழுத வேண்டியிருந்திருக்காது. சேவை மையத்துக்கு எழுதிக் கேட்டபோது, கருவியைத் தொழிற்சாலை அமைப்புக்கு மீட்டுப் பார்க்குமாறு பதில் வந்தது.

மாற்று வழி இருக்கிறது. யுஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து, இலவசமாகக் கிடைக்கும் மியூஸ்ஸ்கோர் என்ற நொட்டேஷன் எழுதும் மென்பொருளில் எஃப் மேஜரின் கீ சிக்னேச்சரை (வரித் தொடக்கத்து ஃபிளாட் குறியை) வைத்துவிட்டு அதே கட்டையை அழுத்தினால், புள்ளி சமர்த்தாக நடுக்கோட்டில் போய் உட்காருகிறது. ஆனால் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டுமென்றால் அந்தத் திரைக்கு எதற்குக் காசு கொடுத்தேன்?

நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். தேவாலயத்திலோ மெல்லிசைக் குழுவிலோ கார்ட் பெயர்களைப் பார்த்து வாசிக்க விரும்பும் பெண் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்வேன். இவள் படிக்கக் கற்க விரும்புகிறாள். புதிதாகக் கற்பவருக்குப் புத்தகத்தைவிட ஒளிரும் திரையின் மீதுதான் நம்பிக்கை அதிகம். திரையே இல்லாத பழைய கீபோர்டு ஒன்றும், ஐந்து கோடு போட்ட நோட்டுப் புத்தகமும், பென்சிலும் போதும்.

என்னுடையதை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை, யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். பழுது பார்த்து வந்த அன்றே திரையின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன். தாளத்தின் வேகம் காட்டும் எண்ணும் அதற்கடியில் மறைந்துவிட்டதால், இனி மெட்ரோனோம் ஒன்று தனியே வாங்க வேண்டும்.