சனிக்கிழமை மேசையும் அந்த இரண்டு பொத்தான்களும்

நாங்கள் எட்டுப் பேர், மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரே லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்கள். இப்போது ஒருவர் கிள்ளானில், இருவர் ஜொகூரில், ஒரு தம்பி சிங்கப்பூரில். ஊரிலேயே இருப்பது நானும் இன்னும் மூவரும்தான். சனிக்கிழமை இரவு 9 மணிக்குக் கைப்பேசிச் செயலி ஒன்றில் போக்கர் சீட்டாட்ட மேசை போட்டுக் கூடிவிடுவோம். அந்தச் செயலியின் இரண்டு வசதிகளைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

காசு வைத்து ஆடுவதில்லை. அனுமதியில்லாத சூதாட்டத்துக்கு நம் நாட்டில் 1953ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. அதைவிட, சம்பள நாளில் சீட்டில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தவர்களை லயத்தில் பார்த்தே வளர்ந்தோம். அதனால் வெறும் காய்தான். மாதம் பிறந்ததும் ஆளுக்கு 10,000 காய். தீர்ந்தால் தீர்ந்ததுதான், அடுத்த மாதம் வரை இருக்கை கிடையாது. இந்தச் செயலியில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான் பேச்சு கேட்கும். காய் போனால் ஆட்டம் மட்டுமா போகிறது, அந்தக் கூட்டமே போய்விடுகிறது.

மார்ச் மாதம் எனக்கு அதுதான் நடந்தது. முதல் சனிக்கிழமையே கையில் இரண்டு ஏஸ், கிள்ளான் அண்ணனிடம் இரண்டு ராஜா. ஃபிளாப், அதாவது தரையில் முதல் மூன்று பொதுச் சீட்டு, வருவதற்கு முன்பே இருவரும் எல்லாக் காயையும் உள்ளே தள்ளினோம். ஏஸ் ஜோடி அங்கே 82 சதவீதம் ஜெயிக்கும். ரிவரில், அதாவது கடைசிப் பொதுச் சீட்டாக, மூன்றாவது ராஜா விழுந்தது. மூன்று ராஜா ஏஸ் ஜோடியை அடித்துவிடும். மீதி வாரங்கள் முழுக்க நான் வெளியே. கோபித்துக்கொண்டேன் என்று நினைத்து அண்ணன் போன் செய்து கேட்டார்.

செயலி ஏமாற்றுகிறது என்று எங்களில் ஒருவர் இன்றும் சொல்வார். 18 சதவீதம் என்றால் ஐந்தாறு தடவைக்கு ஒருமுறை நடக்கிற காரியம், இதில் ஏமாற்று ஒன்றுமில்லை. நான் வேலை செய்வது செம்பனை ஆலை எடைமேடையில். ஒரு லாரி கனமாக வரும், ஒன்று இளைத்து வரும், மாதக் கடைசியில் கணக்கு ஓரளவுக்கு ஒத்துவரும். ஆனால் மாதக் கடைசி வரை மேசையில் இருந்தால்தானே?

ஏப்ரலிலிருந்து குழுவுக்கு மாதம் 15 வெள்ளி (ரிங்கிட்) கட்டி, இரண்டு வசதிகளைத் திறந்துகொண்டோம். அந்த இரண்டு பொத்தான்கள் அவைதான்.

முதலாவது, சீட்டை இரண்டு முறை ஓட்டுவது. எல்லாக் காயும் உள்ளே போன பிறகு மீதிச் சீட்டை இரு தடவை திறப்பார்கள், ஒவ்வொரு தடவைக்கும் பாதிக் காய். இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். போன மாதம் என்னிடம் இஸ்பேட் ஏஸ், கிளாவர் ஏஸ். சிங்கப்பூர் தம்பியிடம் ஆட்டின் 8, 7. தரையில் ஆட்டின் ராஜா, ஆட்டின் 4, கிளாவர் ஜாக்கி, டைமன் 2. நடுவில் 4,000 காய், இருவரிடமும் வெளியே ஒன்றும் மிச்சமில்லை. பார்க்காத சீட்டு 44. அதில் ஒன்பது சீட்டு ஆட்டின். ஐந்து ஆட்டின் சேர்ந்தால் என் ஏஸ் ஜோடியை அடித்துவிடும் என்பதால், அவை மட்டும்தான் தம்பியைக் காப்பாற்றும்.

"அக்கா, ரெண்டு தடவை ஓட்டலாமா?" என்றான். சரி என்றேன். முதலில் ஆட்டின் 3. அப்புறம் கிளாவர் 9. ஆளுக்கு 2,000, இருவரும் மேசையில்.

அன்றிரவே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு சீட்டு என்றால் நான் மொத்தமாகப் போவதற்கு 20.5 சதவீத வாய்ப்பு. முதல் சீட்டைத் திரும்பச் சீட்டுக்கட்டில் சேர்க்காமல் இரண்டாவதைத் திறப்பதால், இரண்டிலும் தோற்பது வெறும் 3.8 சதவீதம். இரண்டிலும் ஜெயிப்பது 62.9, பாதிப் பாதி 33.3. சராசரியாக எனக்கு வர வேண்டிய பங்கில் ஒரு காய்கூடக் குறையவில்லை, ஏற்ற இறக்கம்தான் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. இதற்குச் செயலி தனியாக எதுவும் பிடிப்பதும் இல்லை. எங்கள் குழுவில் இப்போது எல்லாருமே இதைத் திறந்து வைத்திருக்கிறோம்.

இரண்டாவது கேஷ் அவுட். சீட்டு திறப்பதற்கு முன்பே நம் பங்கை வாங்கிக்கொண்டு ஒதுங்கலாம், எதிராளியின் சம்மதம் தேவையில்லை. அந்தப் பங்கில் 1 சதவீதம் செயலி எடுத்துக்கொள்ளும். மேலே சொன்ன ஆட்டத்தில் எனக்குத் திரையில் வந்தது 3,150. முதலில் பார்த்தபோது 3,168 வர வேண்டுமே, 18 காய் குறைகிறதே என்று பட்டது. திரையில் வாய்ப்பை 80 என்று முழு எண்ணாகக் காட்டிவிட்டு, உள்ளே 79.5 என்று சரியாகத்தான் கணக்குப் பண்ணுகிறது. அந்தப் புள்ளியையும் காட்டினால் யாருக்கும் சந்தேகம் வராது.

1 சதவீதம் சின்னதாகத் தெரியும். ஒவ்வொரு தடவையும் எடுத்தால் மாதம் முழுக்கக் கரையும். கையில் நிறைய இருக்கும்போது சின்ன ஆட்டத்துக்கு நான் இதைத் தொடுவதில்லை. இருப்பது மொத்தமும் உள்ளே போய், எதிராளியும் இரண்டு தடவை ஓட்ட மறுத்தால் எடுப்பேன். பின்தங்கி நிற்பவருக்கும் இது உதவும். அந்த ஆட்டத்தில் தம்பி எடுத்திருந்தால் 810 காய் கிடைத்திருக்கும், கூட்டத்தில் ஓர் ஓரமாக உட்கார அது போதும்.

குறை என்றால், முடிவெடுக்க ஆறே விநாடிதான். எங்கள் வீட்டுப் பின்னால் செம்பனைக் காடு, மழை வந்தால் லைன் விழும், பின்வாசல் படியில் நின்றால்தான் ஒரு கோடாவது வரும். லைன் விழுந்த நேரத்தில் எல்லாக் காயும் உள்ளே போனால் (ஆல்-இன்) நம்மைக் கேட்காமலே ஒரே தடவை ஓட்டிவிடுகிறது. மே மாதம் அப்படி 6,200 காய் போனது. இரண்டு தடவை என்று முன்கூட்டியே அமைத்து வைத்திருந்தேன், அதையாவது மதித்திருக்க வேண்டும். எழுதிக் கேட்டேன், வந்தது தானியங்கிப் பதில். தமிழிலும் செயலி இல்லை, ஊரில் இருக்கும் பெரியவர் ஒருவருக்கு ஒவ்வொரு பொத்தானையும் நான்தான் படித்துச் சொல்கிறேன்.

அந்த ஆறு விநாடியைப் பதினைந்தாக்கட்டும், ஐந்து நட்சத்திரமும் தருகிறேன். இப்போதைக்கு நான்கு.