வீட்டுக் கடன்: 30 வயதிலா, 45 வயதிலா?

மாதம் 60,000 ரூபாய் கையில் வாங்கும் 30 வயதுக்காரர், 80,000 வாங்கும் 45 வயதுக்காரர். யாருக்கு அதிகக் கடன் கிடைக்கும்? சம்பளத்தில் பாதி தவணைக்கு, வட்டி 8.5 சதவீதம், 60 வயதுக்குள் கடன் முடிய வேண்டும் என்று வைத்துக்கொண்டால், இளையவருக்குச் சுமார் 39 லட்சம், மூத்தவருக்கு 40.6 லட்சம். 20,000 ரூபாய் கூடுதல் சம்பளத்தை வயது ஏறக்குறைய விழுங்கிவிடுகிறது.

ஆனால் இளையவர் 30 ஆண்டுகளில் கட்டும் வட்டி மட்டும் 69 லட்சம். அசலைவிட எவ்வளவு அதிகம், பாருங்கள்! மூத்தவருக்கு அது 31 லட்சம்தான். இருந்தாலும், சம்பளம் உயர உயர அசலில் கூடுதலாகச் செலுத்தும் பழக்கம் உள்ளவர் என்றால் நான் இளையவர் பக்கம்தான். மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்கும் தனிநபரிடம் வங்கி அபராதம் கேட்க 2012-லேயே ரிசர்வ் வங்கி தடை போட்டுவிட்டது.