ராத்திரி சாப்பாட்டுக்கு சாமை சிக்கன் பவுல்: ரொம்ப நாளா செஞ்சு சாப்பிட்டதுல என் அனுபவம்

தர்மபுரி பக்கம் கறின்னாலே களியும் நாட்டுக்கோழிக் குழம்பும்தான், ஞாயித்துக்கிழமைக்கு அத அடிச்சுக்க எதுவும் இல்ல, ஆனா வேலைக்குப் போய்ட்டு ஏழு மணிக்கு வந்து நின்னு களி கிண்ட உடம்புல தெம்பு இருக்காது. அதான் கீழ சாமை சோறு, மேல சிக்கன், பக்கத்துல காய்னு ஒரே கிண்ணத்துல வெச்சு சாப்பிட ஆரம்பிச்சோம். 2023ல சிறுதானிய ஆண்டுன்னு எல்லாரும் பேசிட்டிருந்தப்போ தொடங்கினது, இன்னும் விடல. அந்த வருஷம்தான் நம்ம மாவட்டத்து ரேஷன் கடையில அரிசிக்கு பதிலா 2 கிலோ ராகியும் குடுக்க ஆரம்பிச்சாங்க, அது களிக்கும் கூழுக்கும் போயிடும், இதுக்கு உதிரியா நிக்கிற தானியம்தான் வேணும்.

குதிரைவாலி சட்டுனு குழைஞ்சிடுது, வரகு ருசி ஆனா வேக நேரம் புடிக்குது. எங்க வீட்ல நின்னது சாமைதான். நல்லா அலசி அரை மணி நேரம் ஊறவெச்சு, டம்ளருக்கு ரெண்டு டம்ளர் தண்ணி, அகலமான பாத்திரம், சிம்முல மூடி வெச்சா பத்து பன்னெண்டு நிமிஷத்துல தண்ணி வத்திடும், அடுப்ப அணைச்சு இன்னொரு பத்து நிமிஷம் தொறக்காம விட்டு அப்புறம் தட்டுல பரப்பி ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விடுங்க, ஒன்னோட ஒன்னு ஒட்டாது. குக்கர்ல வெச்சா கஞ்சிதான். வெள்ளையா தீட்டினத வாங்காதீங்க, நார்ச்சத்து அந்தப் பழுப்புத் தோல்லதான் இருக்கு. ஆனா தோல்ல எண்ணெய் இருக்கறதால சீக்கிரம் காறல் வாடை வந்துடும், கொஞ்சம் கொஞ்சமா வாங்கறது நல்லது.

சிக்கனுக்கு எல்லாரும் நெஞ்சுக்கறிதான் சொல்வாங்க, எனக்கு எலும்பில்லாத தொடைக்கறி. காரணம், வீட்டுக்காரர் ஓசூர்ல ஷிப்ட் முடிச்சு வர பத்து மணி ஆயிடும், திரும்ப சூடு பண்ணா நெஞ்சுக்கறி வறண்டு நார் நாரா போயிடுது, தொடைக்கறி அப்படியே மெத்துனு இருக்கு. காலையிலயே தயிர், இஞ்சி பூண்டு, மிளகுத்தூள், மஞ்சள், உப்பு போட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டுப் போனா சாயந்திரம் இரும்புக் கல்லுல ரெண்டு பக்கமும் சிவக்க வாட்டி எடுத்தா போதும். பெரிய துண்டா ஒன்ன வெட்டிப் பாருங்க, உள்ள ரோஸ் கலர் இருக்கவே கூடாது, தர்மாமீட்டர் இருந்தா 74 டிகிரி.

சாமை ஆறினா வறவறன்னு ஆயிடும், அதுக்கு வறுத்த நிலக்கடலை, காஞ்ச மிளகா, பூண்டு, துளி புளி வெச்சு சட்னிய விட தண்ணியா அரைச்சு மேல ஊத்திக்கணும், இந்த சாப்பாட்டுக்கு உயிரே அதான். காய்க்கு மார்கழி தையில பச்ச அவரைக்கொட்டை, மத்த நாள்ல பாலக்கோடு தக்காளியும் வெங்காயமும், அவ்ளோதான்.

ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும். சாமைன்னா சுகர் ஏறாதுன்னு நெனச்சு தட்டு நெறைய சாப்பிடறாங்க. பச்ச சாமை 100 கிராம்ல 65 கிராம் கிட்ட மாவுச்சத்துதான். எங்க மாமியாருக்கு சுகர் இருக்கு, அதனால அவங்க கிண்ணத்துல பாதி காய், கால்வாசி சாமை, கால்வாசி கறி. "களி மாதிரி நிக்காதும்மா, ஆனா வயிறு லேசா இருக்கு, தூக்கம் வருது"ன்னாங்க.

மீந்த சாமை மறுநாள் கெட்டியாதான் இருக்கும், தண்ணி தெளிச்சு இட்லி தட்டுல அஞ்சு நிமிஷம் ஆவி காட்டினா சரியாயிடும். கறிய மட்டும் மறுநாளுக்கு மேல வெக்க மாட்டேன்.