மூன்றும் ஒரே ஊர்ப்பக்கம்: ஹைடவர், ரிப்மோ, ஸ்டம்ப்ஜம்பர்

சாண்டா குரூஸ் மலையில் இருக்கும் சோக்கெல் டெமோ காட்டுக்கு சைக்கிளோடு போய் வந்தவர்களுக்கு ஒரு கணக்கு தெரிந்திருக்கும். ஃப்ளோ டிரெயிலில் செம்மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் சுகம் கொஞ்ச நேரம்தான். அதற்கு முன்னால் பஸ்ஸர்ட் லகூன் மண்சாலையிலும் ஆப்டோஸ் கிரீக் பாதையிலும் வியர்க்க வியர்க்க மிதித்திருப்போம். இறங்கி முடித்தாலும் வேலை முடியாது. கார் நிற்கும் இடத்துக்குத் திரும்ப ஹின்ஸ் மில் சாலையில் இன்னொரு ஏற்றம் காத்திருக்கும், அதுவும் கால் ஓய்ந்துபோன நேரத்தில்.

இந்தக் கணக்கை வைத்துத்தான் சைக்கிள் வாங்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் பே ஏரியாவில் முதல் ஃபுல் சஸ்பென்ஷன் (முன்னும் பின்னும் அதிர்வு தாங்கும்) சைக்கிள் வாங்கப்போகும் நம் ஆட்கள் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்வி: "எத்தனை மில்லிமீட்டர் டிராவல்?" 120 போதுமா, 140 வேண்டுமா, 150 இருந்தால் நல்லதுதானே என்று பேச்சு அதிலேயே சுற்றும். டிராவல் என்பது சக்கரம் மேலெழும்பி அமுங்கக்கூடிய தூரம், அவ்வளவுதான். அந்தத் தூரத்தை ஒரு சைக்கிள் எப்படிச் செலவழிக்கிறது என்பதுதான் முக்கியம். கிட்டத்தட்ட ஒரே டிராவல் உள்ள மூன்று சைக்கிள்களை ஒரே பாதையில் ஓட்டிய பிறகு இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது.

அந்த மூன்று: சாண்டா குரூஸ் ஹைடவர், ஐபிஸ் ரிப்மோ, ஸ்பெஷலைஸ்டு ஸ்டம்ப்ஜம்பர். மூன்று நிறுவனங்களுமே இந்த வட கலிஃபோர்னியாவைச் சேர்ந்தவை. ஸ்பெஷலைஸ்டு இருப்பது மார்கன் ஹில்லில். மற்ற இரண்டும் மலைக்கு அந்தப் பக்கம், கடலோரத்தில். அண்மைய தலைமுறையில் ஹைடவருக்கும் ரிப்மோவுக்கும் பின்னால் 150, முன்னால் 160 மி.மீ. டிராவல். ஸ்டம்ப்ஜம்பரின் அண்மைய தலைமுறையான ஸ்டம்ப்ஜம்பர் 15-க்குப் பின்னால் 145, முன்னால் 150. காகிதத்தில் பார்த்தால் அண்ணன் தம்பிகள். ஓட்டிப் பார்த்தால் ஒன்றுக்கொன்று ஒட்டு உறவு இல்லை.

மிதிக்கும்போது என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். பெடலை அழுத்தி சைக்கிள் முன்னால் பாயும்போது நம் எடை பின்பக்கம் சாயும். அதனால் பின்சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஷாக் அமுங்கப் பார்க்கும். அப்படி அமுங்கினால் நம் உழைப்பில் ஒரு பகுதி ஷாக்கை அழுத்துவதிலேயே வீணாகும். இதைத் தடுக்க, செயினின் இழுவையே பின்சக்கரத்தைக் கீழே தள்ளும்படி, ஃபிரேமையும் பின்சக்கரப் பகுதியையும் இணைக்கும் லிங்குகளின் இடத்தை அமைக்கிறார்கள். இந்தத் தடுப்பு அதிகமாக இருந்தால் ஏற்றம் சுலபம். ஆனால் கல்லும் வேருமான இடத்தில் செயின் வழியாக ஒரு உதை பாதத்துக்கு வரும். தடுப்பு குறைவாக இருந்தால் சக்கரம் தரையோடு ஒட்டிப் போகும், ஏற்றத்தில் மட்டும் சைக்கிள் லேசாக ஊஞ்சலாடும். இரண்டும் முழுசாக ஒரே சைக்கிளில் கிடைக்காது. இந்த மூன்று நிறுவனங்களும் பிரிவது இங்கேதான்.

ரிப்மோவில் இருப்பது டேவ் வீகல் வடிவமைத்த டி.டபிள்யூ. லிங்க். இரண்டு குட்டை லிங்குகள், இரண்டும் ஒரே திசையில் சுழலும். 2018-இல் 145 மி.மீ. டிராவலோடு முதல் ரிப்மோ வந்தபோதே, இவ்வளவு டிராவலை வைத்துக்கொண்டு இப்படி ஏறுகிறதே என்றுதான் ஓட்டியவர்கள் பேசினார்கள். அது மிகையில்லை. ஹின்ஸ் மில் ஏற்றத்தில், கால் சோர்ந்த அந்தக் கடைசி அரை மணி நேரத்தில், ஷாக்கைக் கவனித்துக்கொண்டே மிதித்தேன். ஷாக் எவ்வளவு அமுங்கியது என்று காட்ட அதன் தண்டின் மேல் இருக்கும் சின்ன ரப்பர் வளையம் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. ஏற்றத்துக்காக ஷாக்கை இறுக்கும் நெம்புகோலை நான் தொடவும் இல்லை. சீட்டில் அமர்ந்து ஒரே சீராக மிதிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது.

இறக்கத்தில் ரிப்மோ கொஞ்சம் விறைப்பு. பாதையில் என்ன இருக்கிறது என்று பாதத்துக்குச் சொல்லிக்கொண்டே வரும். அதே காட்டில் இருக்கும் பிரெய்ல் பாதையில் வேர்கள் அடுத்தடுத்து வரும் ஓர் இடத்தில் மிதித்துக்கொண்டே கடந்தால், நான் சொன்ன அந்த உதை தெரியும். மிதிக்காமல், பெடலில் நின்றபடி விட்டுவிட்டால் போய்விடும். எனக்கு இது குறையாகப் படவில்லை. குதித்து, தாவி, பாதையோடு விளையாடி ஓட்டுகிறவருக்கு இந்த விறைப்பு உதவும். சைக்கிள் உடனே பதில் சொல்லும்.

ஸ்டம்ப்ஜம்பர் இதற்கு நேர் எதிர். இந்தப் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. 1976 அக்டோபரில் மாரின் கவுண்டியில், ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு மேலே ஒரு செங்குத்தான மண்சாலையில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் பந்தயம் விட்டார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக். ஒரு இறக்கத்துக்குள் சக்கர அச்சில் இருந்த கிரீஸ் முழுக்கப் புகையாகிப் போகும். திரும்ப கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனாலேயே அந்தச் சாலைக்கு ரீபேக் (திரும்ப அடைப்பது) என்று பெயர். கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி எல்லாம் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் கையால் செய்தும் விற்றும் வந்த சைக்கிளைத் தொழிற்சாலையில் பெருமளவில் செய்து கடைகளுக்குக் கொண்டுவந்தது 1981-இல் வந்த ஸ்டம்ப்ஜம்பர். அந்தப் பெயர் இன்றுவரை தொடர்கிறது.

இதன் பின்பகுதி ஹார்ஸ்ட் லிங்க் முறை. பின் அச்சுக்குச் சற்று முன்னால், செயினை ஒட்டிப் போகும் பின்பக்கக் கீழ்க்குழாயில் (செயின்ஸ்டே) ஒரு மூட்டு இருக்கும். ஹார்ஸ்ட் லைட்னர் என்பவருடைய கண்டுபிடிப்பு. அதன் காப்புரிமையை ஸ்பெஷலைஸ்டு வாங்கிப் பல ஆண்டுகள் வைத்திருந்தது. காலம் முடிந்த பிறகு கேன்யன், டிரான்சிஷன் என்று பலரும் இதே முறையில் செய்கிறார்கள். இந்த மூட்டு இருப்பதால் பின் பிரேக் பிடிக்கும்போதும் சஸ்பென்ஷன் விறைத்துக்கொள்ளாமல் வேலை செய்யும். செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கை விட மனம் வராத புதியவர்களுக்கு இது தரும் தைரியத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

ஸ்டம்ப்ஜம்பர் 15-இல் புதுசு என்றால் ஜீனி ஷாக். ஃபாக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது. காற்றறை இரண்டு அடுக்காக இருக்கிறது. டிராவலின் முதல் 70 சதவீதம்வரை இரண்டு அறையும் சேர்ந்து வேலை செய்வதால் காற்று தாராளம், ஷாக் மெத்தென்று இருக்கும். அதைத் தாண்டியதும் வெளி அறை மூடிக்கொள்ளும். மிச்சக் காற்றுக்கு இடம் குறைவதால் ஷாக் சட்டென்று கடினமாகி, அடியில் போய் முட்டாமல் காக்கும். ஓட்டும்போது இந்த மாற்றம் தனியாகத் தெரிவதில்லை. புழுதி மூடிய கெட்டித் தரையில், ஆகஸ்ட் மாதம் இங்கே எல்லாப் பாதையும் இருக்கும் அந்த நிலையில், பின்சக்கரம் வழுக்காமல் பிடித்துக்கொள்வது மட்டும் தெரிகிறது. கல் நிறைந்த ஏற்றத்திலும் அதே பிடிமானம் கைகொடுக்கும். வழவழப்பான மண்சாலை ஏற்றத்தில் மட்டும் ஷாக் நெம்புகோலைத் திருப்பிவிட வேண்டியிருக்கிறது. திருப்ப மறந்தால் ரப்பர் வளையம் மெல்ல மெல்லக் கீழே இறங்குவதைப் பார்க்கலாம்.

ஒரு மனத்தாங்கல் உண்டு. இதன் கார்பன் ஃபிரேமில் கியர் கேபிள் ஓட வழியே கிடையாது. பேட்டரியில் இயங்கும் வயர்லெஸ் கியர்தான் போட முடியும். அந்தக் கியர் அருமையாகத்தான் மாறுகிறது. ஆனால் நாலு வருடம் கழித்து ஒரு கல்லில் அடிபட்டு உடைந்தால், விலை மலிவான கேபிள் கியரைப் போட்டுச் சமாளிக்கும் வாய்ப்பே இல்லாமல் செய்தது சரியில்லை. கேபிள் வேண்டுமென்றால் அலுமினிய ஃபிரேமைப் பாருங்கள். கனம் கூடும், விலையும் கணிசமாகக் குறையும். வாரம் ஒருநாள் ஓட்டுகிறவருக்கு அந்தக் கனம் ஒரு பொருட்டே இல்லை.

ஹைடவர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2016-இல் முதலில் வந்தபோது பின்னால் 135 மி.மீ.தான். அப்புறம் 140, 145, இப்போது 150. பாதைகள் கரடாகக் கரடாக இதுவும் வளர்ந்தது. இதிலும் இரண்டு குட்டை லிங்குகள்தான், ஆனால் எதிரெதிர்த் திசையில் சுழலும். வி.பி.பி. என்பார்கள். ரிப்மோ அளவுக்கு ஏறாது, ஸ்டம்ப்ஜம்பர் அளவுக்கு ஒட்டாது. வேகம் எடுத்தால் மட்டும் மூன்றிலும் இதுதான் அமைதி. வளைவுக்குள் படுத்து நுழையும்போது ரயில் தண்டவாளத்தில் போவது போல இருக்கிறது. மெதுவாக ஓட்டினால் கொஞ்சம் சோம்பலாகத் தெரியும். ஆறு மாத அனுபவத்தோடு இதை வாங்கினால் இதன் நல்ல குணம் வெளிப்படவே நாளாகும்.

ஹைடவரை நான் மனமாரப் பாராட்டுவது வேறு காரணத்துக்காக. முதல் உரிமையாளருக்கு ஃபிரேமுக்கு ஆயுள்கால உத்தரவாதம், சஸ்பென்ஷன் பேரிங்குகளும் வாழ்நாள் முழுக்க இலவசம். இங்கே கோடைப் புழுதி மாவு மாதிரி நைசாக எல்லா இடுக்கிலும் புகும். குளிர்காலத்தில் சேறு. இரண்டு மூன்று ஆண்டில் பேரிங் கரகரக்க ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் பணம் கேட்காமல் அனுப்பிவைப்பது பெரிய விஷயம். பழைய ஹைடவர் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்தச் சலுகை கைமாறினால் தொடராது.

சரி, அளவுக்கு வருவோம். 165 செ.மீ. உயரமும் 60, 62 கிலோ எடையும் உள்ளவர்கள் நம்மில் நிறைய. இந்த சைக்கிள்களோ அதைவிட உயரமும் கனமுமான ஒரு ஆளை நடுவில் வைத்துச் செய்யப்பட்டவை போல எனக்குப் படுகிறது. ஸ்பெஷலைஸ்டு இதில் நன்றாக யோசித்திருக்கிறது. எஸ்1 முதல் எஸ்6 வரை அளவுகள், சீட் குழாய் எல்லாவற்றிலும் குட்டை. கால் நீளத்தைப் பார்க்காமல், ஹேண்டில்பார் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதை வைத்து அளவைத் தேர்ந்தெடுக்கலாம். ஐபிஸ் மீடியத்துக்கும் லார்ஜுக்கும் நடுவே எக்ஸ்ட்ரா மீடியம் என்று ஓர் அளவு வைத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் 173, 175 செ.மீ. ஆட்களுக்கு அது சரியாக அமையும்.

எடை விஷயத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு கடையில் ஓட்டிப் பார்க்கக் கொடுத்த சைக்கிள் மரக்கட்டை மாதிரி இருந்தது. இந்த மாடலே இப்படித்தான் போல என்று பாதி வழியில் திரும்பிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, எனக்கு முன்னால் ஓட்டியவர் 90 கிலோ, அவருக்கு அடித்த காற்றை யாரும் குறைக்கவில்லை. அதற்குப் பிறகு ஷாக் பம்ப் இல்லாமல் எந்த சைக்கிளையும் ஓட்டிப் பார்க்கப் போனதில்லை. முறை எளிது. ஷாக் 55 மி.மீ. அமுங்கக்கூடியது என்றால், முழு உடுப்போடும் தண்ணீரோடும் பெடலில் நிற்கும்போது 30 சதவீதம், அதாவது ஏறக்குறைய 16 மி.மீ. அமுங்கி இருக்க வேண்டும். ரப்பர் வளையத்தை மேலே தள்ளிவிட்டு நின்று, குலுக்காமல் இறங்கி, அளந்து பாருங்கள். எடை குறைந்தவர்கள் ஷாக் திரும்பி எழும் வேகத்தையும் கூட்டி வைக்க வேண்டும். காற்று குறைவாக இருப்பதால் அது மந்தமாகத்தான் எழும்.

மற்ற போட்டியாளர்களும் இருக்கிறார்கள். டிரெக் ஃபியூயல் இ.எக்ஸ். ஆறாம் தலைமுறை, பின்னால் 140, முன்னால் 150, நல்ல சைக்கிள். பின் டிராவல் 140 உள்ள யெட்டி எஸ்.பி.140 அழகாக ஏறும், விலைதான் கண்ணைக் கட்டும். கையில் இருப்பது இரண்டாயிரம் சொச்சம் டாலர் என்றால் இந்த மூன்றின் புது கார்பன் ஃபிரேமையும் மறந்துவிட்டு, இந்தோனேசியாவில் தயாராகும் பாலிகன் சிஸ்கியூ டி-யைப் பாருங்கள். மிச்சப் பணத்தில் நல்ல டயரும் முழங்கால் கவசமும் வாங்கலாம்.

யாருக்கு எது? வீட்டிலிருந்தே மிதித்துக் கிளம்பி, நாலு மணி நேரம் சுற்றிவிட்டு மிதித்தே திரும்புகிறவர் ரிப்மோ வாங்கலாம். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர், அல்லது கல்லும் வேரும் கண்டு இன்னும் பயம் விலகாதவர், அலுமினிய ஸ்டம்ப்ஜம்பரைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ஏற்கெனவே சில ஆண்டுகள் ஓட்டி, இப்போது வேகத்தில் ருசி கண்டு, ஒரே ஃபிரேமைப் பத்து வருடம் வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு ஹைடவர்.

நான் எடுத்தது ரிப்மோ. டெமோவுக்கு நான் போவதில் பாதி நாள் தனியாகத்தான் போகிறேன். அந்தக் கடைசி ஹின்ஸ் மில் ஏற்றத்தில் பேசிக்கொண்டு வர ஆள் இல்லை. கால் மட்டும்தான் துணை. அதை வீணாக்காத சைக்கிள் எனக்கு வேண்டியிருந்தது.