மாடிப் பந்தலுக்குச் சவுக்குக் கம்பு

மொட்டை மாடியில் புடலை, பாகல் ஏற்றப் பந்தல் போட, வேளச்சேரி பக்கம் ஒரு சவுக்குக் கட்டைக் கடையில் 8 அடிக் கம்புகள் வாங்கினேன். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, பூச்சி அரித்ததை ஒதுக்கிவிட்டுத்தான் கடைக்காரர் கொடுத்தார். அதற்கே அவரைப் பாராட்ட வேண்டும். மாடியில் குழி தோண்ட முடியாதே, கால்களை எப்படி நிறுத்துவது? பழைய பெயின்ட் வாளியில் கம்பை நிறுத்தி, சுற்றிலும் ஜல்லிக் கலவை ஊற்றச் சொன்னார். நான்கு மூலைக்கும் அப்படியே செய்தோம், அசையவே இல்லை. அப்புறம் குறுக்குக் கம்புகளைக் கட்டுக்கம்பியால் முறுக்கி, மேலே நைலான் வலை விரித்தோம். வலையை மட்டும் அங்கே வாங்காதீர்கள், ரொம்ப மெல்லிசு. 4 அங்குலக் கண் உள்ளதாகப் பாருங்கள். சின்னக் கண்ணில் பிஞ்சு மாட்டிக் காய் கோணிவிடும். வண்டிக் கூலி தனி, முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காற்று தொடங்குமுன் முடிச்சுகளை மறுபடி இறுக்கிவிடுங்கள்.