ஃபேசிங், பிரஷர் டெஸ்ட் இரண்டுக்கும் பணம் வாங்கிவிட்டு இரண்டையும் செய்யாத லேத்

காரின் ஹெட் கேஸ்கெட்டை (என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு) வீட்டிலேயே மாற்றுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரிப்பதும் மாட்டுவதும் நம் கையில் இருக்கும். ஹெட்டின் அடிப்பக்கத்தை மெஷினில் சீவிச் சமமாக்கும் ஃபேசிங்குக்கும், கிராக் இருக்கிறதா என்று பார்க்கும் பிரஷர் டெஸ்ட்டுக்கும் மட்டும் லேத் பட்டறைக்குப் போயே ஆக வேண்டும். கோவையில் அந்த இடத்தில்தான் என்னை ஏமாற்றினார்கள்.

வண்டி மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், இரும்பு பிளாக், அலுமினிய ஹெட். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் ஒருமுறை நன்றாக ஓவர்ஹீட் ஆனாலே ஹெட் வளைந்துவிடலாம். என் வண்டியில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து கூலண்ட் முழுக்க ரோட்டில் போய்விட்டது. அதற்கப்புறம் காலையில் ஸ்டார்ட் செய்தால் சைலன்சரில் நிற்காத வெள்ளைப் புகை, ஆயில் மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் பிசுக்கு, ரேடியேட்டர் வாயில் குமிழ்கள். கேஸ்கெட் போய்விட்டது என்பதில் சந்தேகமே இல்லை.

தம்பியும் நானும் பிரித்தோம். டைமிங் மார்க்கை நேராக்கி பெல்ட்டை எடுத்து, ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினோம். 2, 3 சிலிண்டர்களுக்கு நடுவில் கேஸ்கெட் கருகி அறுந்திருந்தது. ஹெட்டைச் சுத்தம் செய்து, நேர்விளிம்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பார்த்தேன். அதே இடத்தில் 0.10 மில்லிமீட்டர் தகடு தடையில்லாமல் நுழைந்தது. 0.05 மில்லிமீட்டரைத் தாண்டினாலே ஃபேசிங் போட வேண்டும். வால்வு, கேம்ஷாஃப்ட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் ஹெட்டாகத்தான் லேத்தில் கொடுத்தேன். தூசி போகக்கூடாதென்று தண்ணீர் வெளிவரும் வாயில் ஒரு பழைய லுங்கித் துணியைச் சுருட்டி முடிச்சுப் போட்டு அடைத்திருந்தேன்.

திரும்ப வாங்கப் போனபோது பேப்பர் சுற்றித் தயாராக வைத்திருந்தார்கள். "டெஸ்ட் போட்டாச்சுங்க தம்பி, கிராக் எதுவும் இல்லை. மூஞ்சியும் எடுத்தாச்சு, தைரியமா மாட்டுங்க" என்றார் உரிமையாளர். இரண்டு வேலைக்கும் சேர்த்து 1,800 ரூபாய். நான் கேட்டதால் பில் எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் பேப்பரைப் பிரித்தால், நான் அடைத்த துணி அப்படியே இருந்தது. காய்ந்த துணி, அதே முடிச்சு. பிரஷர் டெஸ்ட் என்றால் தண்ணீர் ஓடும் துளைகள் எல்லாவற்றையும் ரப்பரும் தகடும் வைத்து இறுக்கி, உள்ளே காற்றை ஏற்றி, ஹெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழ் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தத் துணியை எடுக்காமல் அதைச் செய்யவே முடியாது.

அடுத்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். மெஷினில் ஃபேசிங் போட்டிருந்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே சீரான மெல்லிய கோடுகள் தெரியும். இதில் கண்டபடி சுற்றிச் சுற்றி உப்புத்தாள் தேய்த்த கீறல்கள். பழைய கேஸ்கெட்டின் வளையம் பதிந்த தடம்கூடப் போகவில்லை, விரலால் தடவினால் நகத்தில் மாட்டியது. ஃபீலர் கேஜ் 0.10 மறுபடியும் நுழைந்தது. சும்மா விட்டிருந்தாலாவது பரவாயில்லை. கையால் உப்புத்தாள் தேய்த்தால் ஓரங்கள் இன்னும் உருண்டு போகும். எனக்கு ஆத்திரம் வந்தது அதற்குத்தான்.

மறுபடி ஹெட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். "டெஸ்ட் நிஜமாவே போட்டீங்களாங்ணா?" என்று துணியைக் காட்டிக் கேட்டேன். "பசங்க திரும்ப அடைச்சிருப்பாங்க" என்றார். ஸ்கேலை வைத்துக் காட்டியதும் பேச்சு மாறியது: "இதெல்லாம் ஒண்ணும் பண்ணாது தம்பி. கேஸ்கெட் அமுங்கி உட்கார்ந்துக்கும். வேணும்னா ரெண்டு பக்கமும் சிலிக்கான் பேஸ்ட் தடவிக்கோங்க." தயவுசெய்து யாரும் இதைக் கேட்காதீர்கள். சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் அழுத்தத்தைச் சிலிக்கான் தாங்காது. பிதுங்கி உள்ளே போகும் துணுக்குகள் ஆயில், தண்ணீர் வழிகளை அடைக்கும். பணத்தைத் திருப்பித் தரவும் அவர் சம்மதிக்கவில்லை.

வேறொரு லேத்துக்குப் போனேன். என் கண் முன்னாலேயே காற்றேற்றித் தொட்டியில் முக்கினார்கள். மூன்றாவது சிலிண்டரில் இரண்டு வால்வு சீட்டுகளுக்கும் நடுவிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ் வந்தது. கிராக்! இதை அப்படியே மாட்டியிருந்தால் புது கேஸ்கெட், கூலண்ட், ஆயில் எல்லாம் வீண். அதோடு போகாது, சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கி நின்றால் ஸ்டார்ட் அடிக்கும்போது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளையலாம். கடைசியில் ஒரு பழைய ஹெட் வாங்கி, அதே தொட்டியில் டெஸ்ட் செய்து, ஃபேசிங் போட்டுத்தான் மாட்டினேன். இப்போது வண்டி சூடாகாமல் ஓடுகிறது.

நீங்கள் ஹெட் கொடுக்கப் போனால் பிரஷர் டெஸ்ட்டை முதலில் போடச் சொல்லுங்கள். கிராக் இருக்கிற ஹெட்டுக்கு ஃபேசிங் போட்டுப் பிரயோஜனமில்லை. தொட்டியில் முக்கும்போது கூட நிற்கிறேன் என்று சொல்லுங்கள். சம்மதிக்காத லேத்தில் ஹெட்டைக் கொடுக்கவே வேண்டாம். உங்கள் ஹெட்தான் திரும்ப வருகிறதா என்று தெரிய, கேஸ்கெட் படாத ஒரு மூலையில் சின்னதாகப் பஞ்ச் அடையாளம் போட்டு, அடிப்பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். ஹெட்டின் உயரத்தை வெர்னியரில் கொடுக்கும் முன்னும் வாங்கிய பின்னும் அளந்தால் எவ்வளவு எடுத்தார்கள் என்பது தெரிந்துவிடும். அளவுக்கு மேல் எடுத்தாலும் கம்ப்ரஷன் ஏறி என்ஜின் தட்டும். ஸ்கேல், ஃபீலர் கேஜ் இரண்டையும் கையோடு கொண்டு போய் அங்கேயே பாருங்கள், அப்புறம் பணம் கொடுக்கலாம்.

பில்லில் "ஃபேசிங், பிரஷர் டெஸ்ட்" என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அந்தத் துண்டுச் சீட்டை வைத்துத்தான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் நான் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். நானும் போடத்தான் போகிறேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் பில்லையும் படங்களையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.