பட்டோங்கா, பாம்பனா? தம்பிக்கு மூன்று ராத்திரி

தம்பிக்கு ஆவணியில் கல்யாணம் முடிந்தது. மண்டபத்துக் கணக்கு வழக்கெல்லாம் தீர்ந்தபின் நான்கு நாள் லீவு வாங்கிக்கொண்டு வந்து நின்றான். "அக்கா, நீயும் மச்சானும் புக்கெட் போனீங்கள்ல, நாங்களும் அங்கயே போயிரவா? இல்ல ராமேஸ்வரத்துலயே ஒரு ரூம் போட்டுக்கவா?"

ஆட்டம்பாட்டத்துக்குப் பேர்போன தாய்லாந்துத் தீவையும் ராமநாதசாமி கோயில் கொண்ட நம் தீவையும் ஒரே மூச்சில் கேட்கிறானே என்று சிரிப்புதான் வந்தது. ஆனால் யோசித்தால் இரண்டும் ஒரே சாதிதான். புக்கெட்டை 1967இல் சரசின் பாலம் கட்டிக் கரையோடு சேர்த்தார்கள். நம் தீவுக்கு ரயில் பாலம் 1914இலேயே வந்துவிட்டது, ரோட்டுப் பாலத்துக்குத்தான் 1988 வரை காத்திருந்தோம். தீவு என்று சொல்லிக்கொண்டாலும் படகில் போய் இறங்கும் சுகம் இரண்டிலும் கிடையாது.

முதலில் நேரக் கணக்கு. எங்கள் ஊர் உச்சிப்புளி. இங்கிருந்து திருச்சி விமான நிலையத்துக்குக் காரில் நான்கு மணி நேரமாவது ஆகும். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் இன்னொரு நான்கு மணி நேரம். அங்கே உட்கார்ந்து கொட்டாவி விட்டு, புக்கெட்டுக்கு ஒன்றரை மணி நேரம் பறந்து, இறங்கியபின் பட்டோங் கடற்கரைக்கு மேலும் ஒரு மணி நேரம். நாங்கள் ஒரு நாள் சாயங்காலம் கிளம்பி மறுநாள் மதியத்துக்கு மேல்தான் ரூம் சாவியை வாங்கினோம். திரும்பி வரவும் அதே கூத்து. நான்கு நாள் லீவில் இரண்டு நாள் பையும் கையுமாகவே போய்விடும். பாம்பனுக்கு அரை மணி நேரம், பாலத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்காமல் இருந்தால்.

அடுத்து ராத்திரி. பட்டோங்கில் பங்ளா ரோடு என்று ஒரு தெரு. நீளம் அரை கிலோமீட்டர்கூட இல்லை. பொழுது சாய்ந்ததும் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், தெரு முழுக்க ஆளும் விளக்கும் பாட்டும்தான். 2023 டிசம்பரிலிருந்து புக்கெட்டில் இந்த மாதிரி இடங்கள் விடிகாலை நான்கு மணி வரை திறந்திருக்கலாம் என்று அரசே அனுமதித்துவிட்டது. நம் ராமேஸ்வரத்தில் அதே நான்கு மணிக்குத்தான் ஊர் எழுந்திருக்கும். ஐந்து மணி ஸ்படிக லிங்க தரிசனத்துக்கு ஆள் ஓடும். அதன்பின் அக்னி தீர்த்தத்தில் முங்கி, உள்ளே இருபத்திரண்டு தீர்த்தத்திலும் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டு, சொட்டச் சொட்டக் குடும்பம் குடும்பமாக லாட்ஜ் வராந்தாவில் நடப்பார்கள். ஆக இரண்டு ஊரிலும் நான்கு மணிக்குத் தூங்க விடமாட்டார்கள். அங்கே கடை சாத்துகிற சத்தம், இங்கே கதவு திறக்கிற சத்தம். புதுசாகக் கல்யாணமானவர்கள் எந்தச் சத்தத்துக்கு விழித்திருக்கப் பிரியப்படுகிறார்கள் என்பதுதான் என்னைப் பொறுத்தவரை முழுக் கேள்வியும்.

பங்ளா ரோட்டைப் பற்றி ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். ஜோடியாகக் கைகோத்துப் போனாலும் பத்தடிக்கு ஒருவர் அட்டையை நீட்டி 'ஷோ' பார்க்கக் கூப்பிடுவார். முதல் ராத்திரி எனக்குச் சிரிப்பு, இரண்டாவது ராத்திரி எரிச்சல். மூன்றாவது ராத்திரி பழைய புக்கெட் டவுனுக்குப் போய்விட்டோம். வெள்ளீயச் சுரங்கக் காலத்தில் சீனர்கள் கட்டிய வீடுகள் வரிசையாக நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை தலாங் ரோட்டில் சந்தை போடுவார்கள். மறுபடி போனால் அங்கேதான் ரூம் போடுவேன், இல்லாவிட்டால் பட்டோங்குக்குத் தெற்கே கத்தா கடற்கரையில். புக்கெட் என்றால் பட்டோங் மட்டும்தான் என்று டிராவல்ஸ்காரர்கள் பழக்கிவிட்டார்கள்.

(இன்னொன்று. புக்கெட்டுக்கு வடக்கே தக்குவாபா பக்கம் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமத்து வணிகர்களையும் அது பேசுகிறது. நம்மாட்கள் பேக்கேஜ் இல்லாமலே போய் வந்திருக்கிறார்கள்.)

கடலுக்கு வருவோம். இதில் என் ஓட்டு நம் ஊருக்குத்தான், ஊர்ப்பாசத்தால் அல்ல. புக்கெட்டில் குளிக்கத் தோதான கடற்கரை எல்லாம் மேற்கே இருக்கிறது. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராக அங்கே மோதும். சிவப்புக் கொடி நட்டுவிட்டால் கால்கூட நனைக்கக் கூடாது. கொடியை மதிக்காமல் இறங்கி உயிரை விட்டவர்கள் உண்டு. கிழக்குக் கரை அமைதிதான், ஆனால் பெரும்பாலும் சேறும் அலையாத்திக் காடும். பீபீ தீவுப் பக்கம் எல்லோரும் ஆசைப்படும் மாயா விரிகுடா 2018இல் மூடப்பட்டு 2022இல்தான் திறந்தது. இப்போதும் ஆகஸ்ட், செப்டம்பரில் மூடிவிடுகிறார்கள், மற்ற மாதங்களிலும் முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்க விடுவதில்லை. தம்பி காட்டிய பேக்கேஜ் பாதி விலைக்கு வந்ததன் ரகசியம் இதுதான்: அவன் போக நினைத்தது செப்டம்பர். நாங்கள் போனது ஜனவரி. போட்டோவில் அவன் பார்த்த கண்ணாடிக் கடல் ஜனவரிக் கடல்.

நம் தீவுக்குக் கடல் இரண்டு. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளத்துத் தண்ணீர் மாதிரி கிடக்கும். வாடை திரும்பினால் அப்படியே தலைகீழ். தனுஷ்கோடி ரோட்டில் நின்றால் ஆண் கடல் என்கிற தென்கடலையும் பெண் கடல் என்கிற வடகடலையும் முகத்தைத் திருப்பியே பார்த்துவிடலாம். செப்டம்பரில் குருசடைத் தீவுக்குப் படகு போகும் என்று நம்பி வரக்கூடாது, அது தென்கடல். ஆனால் வடகடல் கரையில் அரியமானில் சவுக்குத் தோப்பு நிழலில் உட்கார்ந்து, இடுப்பளவுத் தண்ணீரில் பயமில்லாமல் கிடக்கலாம். கடல்தாழை (கடற்புல்) ஒதுங்கி நாறும் நாளும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தனுஷ்கோடி ரோடு முடிகிற அரிச்சல்முனையில் மட்டும் இறங்கவே வேண்டாம், நீரோட்டம் இழுத்துவிடும். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியில் ராத்திரி தங்கவும் வழியில்லை. இருட்டுமுன் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சூரிய உதயத்துக்குப் போவதுதான் சரி.

பெண்ணாக ஒரு வித்தியாசம். புக்கெட்டில் எதைப் போட்டுக்கொண்டு குளித்தாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்தாறு வயதுக்குப் பிறகு கடலில் நிம்மதியாக மிதந்தது அங்கேதான். இங்கே சுடிதாரோடு இறங்கி, துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டே குளித்து, ஈரத்தோடு ரோட்டைக் கடக்கவேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே ஒரு பெண் பட்டோங்கைத் தேர்ந்தெடுத்தால் நான் தப்பு சொல்லமாட்டேன்.

ரூமிலும் இதே கதை. கல்யாணமான புதிதில் நாங்கள் தங்கிய ஒரு லாட்ஜில், என் ஆதாரில் அப்பா பெயர் இருக்கிறது என்று கல்யாண போட்டோவைக் காட்டச் சொன்னார்கள். போட்டோவைப் பார்த்ததும் அந்த மேனேஜர் என் பெரியப்பாவை அடையாளம் கண்டுபிடித்துவிட்டார். மூன்று மணி நேரத்தில் பெரியப்பா மகன் ஆட்டோவோடு வாசலில் நின்றான், "வீட்டுக்கு வராம இதென்ன பழக்கம்?" என்று. சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எங்களுக்கு இந்தக் கடற்கரையே ஒரு சொந்தக்காரர் வீடு.

சாப்பாட்டில் பெரிய போட்டி இல்லை. புக்கெட்டில் மீனும் இறாலும் தாராளம், ஆனால் எதிலும் ஒரு இனிப்பு. ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றிச் சைவம்தான், மீனுக்குப் பாம்பனோ மண்டபமோ வரவேண்டும். விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் போகும், மறுநாள் காலை கரைக்கு வரும். அந்தக் காலையில் வாங்கிய நண்டுக்கு ஈடு எந்தத் தீவிலும் இல்லை. புரட்டாசி பிறந்தால் விலையும் இறங்கும்.

இடையில் மச்சான் மலேசியாவின் லங்காவியை இழுத்துவிட்டார். கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேரம், 1987 முதல் வரியில்லாத் தீவு, சினாங் கடற்கரையில் அளவான கொண்டாட்டம், ஹலால் சாப்பாடு தேட வேண்டியதில்லை. கீழக்கரைத் தோழி ஒருத்தி அதற்காகவே அங்கே போனாள். செப்டம்பர், அக்டோபரில் அங்கேயும் மழைதான்.

கடைசியில் தம்பிக்குச் சொன்னது இவ்வளவுதான். புக்கெட்டை ஜனவரிக்குத் தள்ளு, பட்டோங்கில் ஒரு ராத்திரி போதும், மற்றதைக் கத்தாவில் வை. இப்போதைக்கு இரண்டு ராத்திரி நம் தீவில் இரு. ஆனால் மகாளய அமாவாசைக்கு முன்னாலேயே முடித்துக்கொள், அந்த வாரம் ரூமும் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கேட்க முடியாது. டவுனுக்குள் போடாதே, தங்கச்சிமடம் பக்கம் கடலைப் பார்த்த மாதிரி பார். பெரியப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

அவனுக்கு அரை மனசு. அவன் பெண்டாட்டி தேவகோட்டைக்காரி, அதுவரை வாயே திறக்கவில்லை. "மதினி, பாம்பன்ல அந்தப் புது ரயில் பாலத்த மேலே தூக்குறத நான் இன்னும் நேர்ல பார்த்ததே இல்ல" என்றாள்.

"அது கப்பல் வந்தாத்தாம்மா தூக்குவாங்க. எப்ப வரும்னு சொல்ல முடியாது."

"வரட்டும். ரெண்டு நாள் இருக்கோம்ல."